எதைக் கேட்டாலும் "ஆமா"

எங்கள் வீடு வைத்திக்குப்பத்தில் இருக்கிறது. தம்பி சேகருக்கு இருபது வயது. மூளை வளர்ச்சி குறைவு. பெரியவர்கள் எதைக் கேட்டாலும் "ஆமா" சொல்ல வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொல்லித்தான் அவனை வளர்த்தோம். "தங்கமான புள்ள" என்று குப்பமே மெச்சும்.

போன ஐப்பசியில் கரையில் ஒருவருடைய புது நைலான் வலை காணாமல் போனது. படகு நிழலில் படுத்திருந்த சேகரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நான் பதறியடித்து ஸ்டேஷனுக்கு ஓடினால், ஏட்டு நிதானமாகச் சொன்னார்: "உன் தம்பியே ஒத்துக்கிட்டாம்மா. நாளைக்குக் கோர்ட்டு."

நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் வக்கீலம்மாவைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் ஏட்டின் எதிரிலேயே சேகரிடம் கேட்டார்: "தம்பி, பீச்சுல இருக்குற லைட் ஹவுசையும் நீதான் தூக்கிட்டுப் போனியா?"

சேகர் பணிவாகக் கைகட்டிக்கொண்டு, "ஆமாம்மா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

"இதைத்தான் வாக்குமூலம்னு எழுதினீங்களா? வீட்டு ஆள் பக்கத்துல இல்லாம இவன்கிட்ட எதையும் கேக்காதீங்க" என்றார் வக்கீலம்மா. அன்று மாலையே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த "ஆமாம்மா"வை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தானே!

இப்போது தினமும் விளக்கு வைத்ததும் அவனுக்கு "இல்ல" சொல்லப் பழக்குகிறேன். "நீ பூனையா?" என்பேன். "வானம் பச்சையா?" என்பேன்.

போன வாரம் அப்பா, "பானைய உடச்சது நீதானடா?" என்று அதட்டினார். சேகர் நடுங்கிக்கொண்டே, "இல்லப்பா" என்றான்.

உடைத்தவன் அவன்தான். நான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.