மனேச்சர் பாராட்டிய நாள்

எங்கள் கிளிநொச்சி நெல் ஆலைக்கு வந்திருக்கும் புது மனேச்சர் கொழும்பில் மனோதத்துவம் படித்தவர். நாங்கள் ஆளுக்காள் முகம் கொடுத்துப் பேசாததைக் கண்டு, இன்று காலை வைத்தியத்தைத் தொடங்கினார்.

மருந்து, பாராட்டு.

"கந்தையாண்ணை, நெல்மூட்டை உங்களுக்குப் பஞ்சுமூட்டை மாதிரி!"

அடுத்த மூட்டையில் அண்ணைக்கு இடுப்புப் பிடித்தது.

"பரமேசக்கா, உங்கட தேத்தண்ணி குடிச்ச வாயால வேற தேத்தண்ணி குடிக்கேலாது!"

தேத்தண்ணிக் கேத்தில் கவிழ்ந்தது.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, கோவிக்காதேங்கோ. உங்கட நாக்குப் பொல்லாதது. எல்லாரும் வந்து நில்லுங்கோ, நாவூறு கழிக்கவேணும்."

எங்களைச் சுற்றிய செத்தல் மிளகாயும் உப்பும் அடுப்பில் விழுந்ததுதான் தாமதம், ஆலை முழுக்கப் புகை. இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். கந்தையாண்ணையோடு கதைக்காமலே இருந்த பரமேசக்கா, அவர் முதுகைத் தடவித் தண்ணீர் கொடுத்தார். கண்ணீர் வழிய எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"இவ்வளவு கமறினால் நாவூறு இல்லை," என்றார் அக்கா, சற்று ஏமாற்றத்தோடு.

மனேச்சருக்குக் கால் நிலத்தில் இல்லை. "பாத்தீங்களே, மனோதத்துவம் வேலை செய்யுது! நாளைக்கு உங்களைத்தான் பாராட்டப் போறன்," என்றார் என்னிடம்.

நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மனேச்சரும் பாராட்டுகிறவரா? உயிரோடு இருப்பவர்கள் சொல்லுங்கள்.