பூரணியின் மூன்று பரல்கள்

தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கின் பிள்ளைக்காம்பராவுக்குப் பூரணி வேலைக்கு வந்தது 1990இல். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை தொட்டில் ஆட்டி, பால் கரைத்துக் கொடுத்து, மூக்குத் துடைத்து, சண்டை விலக்கி வைத்திருப்பது அவள் பொறுப்பு. முதல் வருடம் அவளிடம் விடப்பட்டவர்களில் மூன்று வயதுச் சர்மிளாவும் ஒருத்தி. அழுதால் இலேசில் நிறுத்தமாட்டாள். பூரணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அந்தக் காலத்தில் மலையில் இருக்கும் திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொசுவலை என்ற சாமானே யார் வீட்டிலும் இருக்காது. குளிருக்குக் கம்பளி தேடுகிற ஊரில் வலைக்கு என்ன வேலை? கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கையில் காலில் இருக்கும் தடிப்புகளைக் காட்டி, "அங்க கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிரும்" என்று கதை சொல்வார்கள். லயத்து வரிசை வீடுகளின் ஜனம் வாய் பிளந்து கேட்கும்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு பீலி இருந்தது. மேலே பாறையிடுக்கில் ஊறும் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக இரவும் பகலும் கொட்டும். வாயில் வைத்தால் பல் கூசும். அது நிற்கும் என்று பூரணி ஒருநாளும் நினைத்ததில்லை.

1996 மாசியில் பீலி நூல்போல மெலிந்தது. மறு வருடம் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆனது, பிறகு மறுபடி மெலிந்தது. 2001இல் மூன்று வாரம் சொட்டுக்கூட இல்லை. மழையும் பழைய மழையாக இல்லை. முன்பெல்லாம் ஆனி ஆடியில் நாள் கணக்கில் பொசபொசவென்று தூறிக்கொண்டே இருக்கும். சீலை காயாது, அடுப்பு பிடிக்காது. இப்போது வாரக்கணக்கில் வெயில் காயும். பிறகு இரண்டே நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, தேயிலை அடி மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஏன் இப்படி என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மேலே நட்ட டர்பன்டைன் மரங்கள் தண்ணீரை உறிஞ்சிவிடுகின்றன என்றார் மலைவேலையை மேற்பார்க்கும் கண்டக்கு. மாடசாமிக்குப் பூசை தவறிப்போனது என்றார் கோவில் பூசாரி. மேல்கணக்குக்காரன் திருட்டுக் குழாய் போட்டுவிட்டான் என்று லயத்தில் பேச்சு. பூரணி ஒவ்வொருவர் சொன்னதையும் அன்றன்றைக்கு நம்பினாள்.

ஆனால் பிள்ளைகளுக்குக் காரணத்தைக் குடிக்கக் கொடுக்க முடியாது. 2005இல் தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய் நின்றாள்.

"ஐயா, தண்ணி இல்லாம புள்ளைங்கள வச்சிருக்க முடியலைங்க. தேயில பெக்டரியில சும்மா கெடக்கிற பரல் மூணு குடுத்தீங்கன்னா மழத் தண்ணிய புடிச்சு வச்சுக்குவேன்."

மூன்று நீலப் பரல்கள், இடுப்பு உயரப் பிளாஸ்டிக் பீப்பாய்கள், வந்தன. தகரக் கூரையிலிருந்து தூம்பு கட்டி அவற்றை நிரப்பினாள். வறட்சி நாட்களில் மற்ற கணக்குகளில் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டு, "இன்னைக்கு புள்ளய கூட்டிட்டு போங்க" என்று சொல்லிவிடுவார்கள். பூரணியிடம் அந்தப் பேச்சே இல்லை. பிள்ளைகள் குடித்தார்கள், குளித்தார்கள். தோட்டக் கூட்டத்தில் துரை அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்டவைத்தார். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

2008 கடைசியில் பரல் தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் தலைகீழாக நெளிவதைப் பார்த்தாள். தண்ணீரில் புழு இருப்பது புதிதா என்ன? வெள்ளைத் துணியை நான்காக மடித்து வடிகட்டினாள். பிறகு கொதிக்கவைத்துத்தான் கொடுத்தாள். துணியில் நின்ற புழுக்களைத் திரும்பப் பரலிலேயே உதறிவிடுவாள். துணியில் ஊறிய ஒரு சொட்டையும் வீணாக்க மனம் வரவில்லை. அதற்குப் பின் ஒரு மத்தியானம், தூங்கும் பிள்ளையின் கெண்டைக்காலில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. அடித்துக் கையை விரித்துப் பார்த்தாள். கறுப்புக் காலில் வெள்ளை வெள்ளையாய் வளையம். கொழும்பு பஸ்ஸில் தப்பி வந்தது என்று நினைத்து முந்தானையில் துடைத்துவிட்டாள்.

சர்மிளாவுக்கு இப்போது இரண்டரை வயதில் ஒரு மகள், தர்சிகா; அவளையும் பூரணியிடம்தான் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். 2009 ஆனியில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி தொட்டுப் பார்த்துப் பனடோல் கொடுத்தார்.

"டெங்குவா இருக்குமோங்க? டீவில சொல்றாங்களே" என்றாள் சர்மிளா.

"இந்தக் குளிருல அது வராதும்மா. பயப்படாதீங்க."

நான்காம் நாள் பிள்ளையின் காலில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. தோட்ட லொறியில் ஹட்டனுக்கும், அங்கிருந்து அம்புலன்சில் கண்டிக்கும் கொண்டுபோனார்கள். டெங்குதான். கணேசமூர்த்தி லயம் லயமாக அலைந்து, "கொழும்பிலேருந்து யாரு வந்தா, யாரு வந்தா" என்று விசாரித்தார். யாரும் வந்திருக்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் டவுனிலிருந்து சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. மஹத்தயா, வந்தார். நேராகப் பிள்ளைக்காம்பராவின் பின்பக்கம் போய் ஒரு பரலுக்குள் டோர்ச் அடித்தார்.

"மதுரு பணுவோ!" என்றார் சிங்களத்தில். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, இது புழு இல்ல. நுளம்பு குட்டி, கொசு. இதுதான் பறக்கிறது. கடிக்கிறது" என்றார்.

பூரணிக்குப் புரியவில்லை. நீந்துவது எப்படிப் பறக்கும்? அவர் ஒரு போத்தலில் தண்ணீரை மொண்டு வாயைத் துணியால் கட்டி, "ரெண்டு மூணு நாள் வச்சுப் பாருங்க" என்று கையில் கொடுத்தார். பரல்களைக் கவிழ்க்கச் சொன்னார்.

"கொட்டிட்டு புள்ளைங்களுக்கு எத குடுக்கிறது மாத்தயா? பீலி நின்னு பன்னெண்டு நாளாச்சு."

அவர் பீலியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "எனக்கு அது தெரியாது அம்மா" என்றார்.

பரல்கள் கவிழ்ந்தன. அன்று பிள்ளைக்காம்பரா பூட்டப்பட்டது. இரண்டாம் நாள் போத்தலுக்குள் மூன்று கொசுக்கள் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை நாள் வடிகட்டித் திரும்ப உதறிவிட்டோம் என்று பூரணி எண்ணப் பார்த்தாள்; முடியவில்லை.

தர்சிகா பதினோரு நாள் கண்டியில் கிடந்து பிழைத்து வந்தாள். பூரணி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனாள். சர்மிளா வாசலிலேயே நின்றாள்.

"நீங்கதானே எங்க எல்லாரையும் வளத்தீங்க பூரணியம்மா. ஒங்க கையாலயே இப்புடி ஆகிப்போச்சே."

"நான் தண்ணி வச்சிருந்தேன்மா. வேற ஒண்ணும் செய்யல."

"அதத்தான் சொல்றேன்."

பழத்தை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆவணியில் ஒரு தொண்டு நிறுவனம் வாசிகசாலையில் கூட்டம் வைத்தது. பேச வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவராசா என்று பெயர். சுவரில் படம் காட்டி, உலகம் சூடாகிறது, மழை முறை தவறுகிறது, முன்பு குளிரில் பிழைக்காத நுளம்பு இப்போது மலையேறி வருகிறது என்று விளக்கினார். வாகனங்களும் ஆலைகளும் விடுகிற புகைதான் பெருங்காரணம் என்றார். பூரணி கையைத் தூக்கினாள்.

"எங்க பெக்டரி பொகையாங்க சேர்?"

"இல்லை அம்மா. இது சின்னப் புகை. பெரிய புகை தூரத்து நாடுகளிலைதான்."

"அவங்க ஊருல பொகைய விட்டா எங்க ஊரு பீலி நிக்குமா?"

"ஓம், நிக்கலாம்."

"அப்ப புள்ளைக்கு காய்ச்சல் வந்தது என்னாலயா, அவங்களாலயா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிவராசா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடிப் பிரிச்சுச் சொல்லேலாது அம்மா" என்றார். அது அவளுக்குப் பதிலாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. லயத்துக்கு நடக்கும்போது, முகம் தெரியாத யாரோ ஒருத்தி தூரதேசத்தில் அடுப்பு மூட்டுவதை நினைத்துப் பார்த்தாள். அவளுக்கும் இப்படி ஏதாவது தெரியாமல் இருக்குமோ? கோபப்பட முகம் ஒன்று கிடைக்கவில்லை. தன் முகம்தான் மிஞ்சியது.

ஐப்பசியில் பிள்ளைக்காம்பராவைத் திரும்பத் திறந்தார்கள். பரல் வாய்க்கெல்லாம் பூரணி பழைய சேலையை இரட்டையாக மடித்துத் தைத்து இறுகக் கட்டியிருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை பரலைக் காலி செய்து தேய்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கொட்டுகிற தண்ணீருக்கு அவள் வயிறு எரியும். கொட்டாமல் விட்டால் தூக்கம் வராது. முப்பது பிள்ளைகள் வந்த இடத்தில் ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு காலை சர்மிளா வந்தாள். தர்சிகா இடுப்பில் இருந்தாள். நேரே பின்பக்கம் போய், மூன்று பரலின் கட்டையும் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினாள். பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் மேலே கேட்டது.

"வீட்ல பாத்துக்க ஆளில்ல. வேலைக்கு போகலன்னா பேரு வெட்டிருவாங்க" என்றாள். பிறகு, "உட்டுட்டுப் போகட்டுமா? இனிமே ஒண்ணும் வராதுன்னு சொல்லுங்க. போறேன்" என்றாள்.

பூரணிக்கு வராது என்று சொல்ல ஆசையாக இருந்தது.

"எனக்குத் தெரியலம்மா. நெசமா தெரியல."

சர்மிளா பிள்ளையை இறக்கிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். தர்சிகா உடனே வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.