அடிக்குரல்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து செல்போன் கடையில் என் போனை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். மாமா டேப் ரெக்கார்டரைத் துடைக்கிற அதே வாசனை. அதில் கடலூர் முதுநகரில் அவர் வைத்திருந்த ரெக்கார்டிங் அறை கண்முன் வந்துவிட்டது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய, சத்தம் டேப்பில் விழும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுகிற அந்தப் புழுக்கத்தில், ஞாயிறுதோறும் அம்மாவும் இரண்டு சித்திகளும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, கப்பல் வேலைக்குப் போன காலத்தில் மாமா கேட்டுப் பழகிய அமெரிக்க ஜாஸ் காதல் பாட்டு ஒன்றை மூன்று குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். மேல்குரல் பெரிய சித்திக்கு, மெட்டு சின்னச் சித்திக்கு, அடிக்குரல் அம்மாவுக்கு.

"அக்கா, நீ மறுபடியும் என் மெட்டுக்கே வந்துட்ட," என்பாள் சின்னச் சித்தி அம்மாவிடம். மாமா டேப்பைப் பின்னால் சுற்றுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சின்னச் சித்தி பிரசவத்தில் போய்விட்டாள். அந்த வருஷ மழையில் அறைக்குள் தண்ணீர் ஏறி, அவள் குரல் இருந்த கேசட்டெல்லாம் சேறாகிப்போனது. மாமா அறையை இடித்துவிட்டார். பெரிய சித்தி அப்புறம் பாடவேயில்லை.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். காய் நறுக்கும்போது சில நாள் அந்த அடிக்குரலை மட்டும் முனகுவாள். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இருக்காது.

போன வாரம் அதே பாட்டை யார் யாரோ பாடிய பதிவுகளைத் தேடிப் போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"இவுங்கல்லாம் வேற மாதிரி பாடுறாங்கடி. சின்னவ எப்படிப் பாடுவா? உனக்காவது ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா," என்றேன்.