துப்பாக்கியிலிருந்து கழற்றிய விளக்கு

மூன்று வருடங்களுக்கு முந்தைய பங்குனி மாதம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் ஒரு சின்னக் காவல் நிலையத்தில் அப்போது நான் சப்-இன்ஸ்பெக்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேல், நடுநடுவே பறித்து முடித்த பருத்திக் காடு. வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டும். எங்களுக்குப் பெரிய கேஸ் என்றால் ஆடு திருட்டும் வரப்புத் தகராறும்தான். துப்பாக்கியை அவ்வப்போது எடுத்து எண்ணெய் போட்டுத் திரும்பவும் பூட்டி வைப்போம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்குப் புது பிஸ்டல் வந்தது. பழையதில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. குழலுக்கு அடியில் வரிவரியாக வெட்டிய ஒரு பட்டை. 'ரயில்' என்பார்கள். தீப்பெட்டி அளவு லைட் ஒன்றை அதில் சறுக்கி மாட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்குப் போன இடத்தில் அந்த லைட்டையும் கொடுத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மிக்சி வாங்கினால்கூட கூடவரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நான். அந்த லைட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக இரண்டு நாள் பொழுது போனது.

எங்கள் ஜீப் டிரைவருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவருக்கும் என் வயதுதான். பாலவனத்தத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"ஏன் மேடம், வெளிச்சம் வேணும்னா துப்பாக்கியத்தான் நீட்டணுமா? வீட்டுல கரண்டு போனா மெழுகுவத்திய அருவா நுனியிலயா ஒட்டி வைக்கிறோம்?" என்றார்.

"ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில துப்பாக்கி. அப்புறம் கதவ எதால தள்ளுவீக, தலையாலயா?" என்று நானும் விடவில்லை. "எதிர்ல நிக்கிறது யாருன்னு தெரியாமச் சுட்டுறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் லைட்டு."

"யாருன்னு தெரியிறதுக்கு முன்னாடியே குறி வச்சிர்றீகளே மேடம். நான் அதச் சொல்றேன்."

ரோந்து போகிற வழியெல்லாம் இதே வழக்குதான். துப்பாக்கிக்கு ரயில் வேண்டுமா வேண்டாமா என்று எங்களைக் கேட்டு யாரும் செய்யப் போவதில்லை. ஆனாலும் ஊர்க்கோயில் நிர்வாகம் மாதிரி இரண்டு கட்சியாக நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. பேசியவர் வீரசோழனைச் சேர்ந்த பருத்தி வியாபாரி. சாலையோரத்தில் தனியாக நிற்கும் அவருடைய சரக்குக் கிட்டங்கியின் பின்பக்கத் தகரம் பெயர்ந்து கிடக்கிறதாம். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கிறதாம். வேறு சமயமாக இருந்தால் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம். ஆனால் அந்த வாரம்தான் பக்கத்து ஊர்க் கிட்டங்கி ஒன்றில் திருட வந்தவர்கள் காவலாளியை அரிவாளால் வெட்டிவிட்டு ஓடியிருந்தார்கள். அவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆட்கள் இன்னும் சிக்கவில்லை. நான் லைட் மாட்டிய பிஸ்டலை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது வியாபாரி சாவியோடு வேப்பமர நிழலில் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. பருத்திக் கிட்டங்கியைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் கரண்ட் லைன் இழுக்க மாட்டார்கள், ஜன்னலும் வைக்க மாட்டார்கள். ஒரு பொறி விழுந்தால் ஒரு வருடத்துப் பாடு போய்விடும். அதனால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே கும்மிருட்டு.

"உள்ள பொறிகிறி பட்டுறாமப் பாத்துக்கங்கம்மா" என்றார் வியாபாரி, என் இடுப்பைப் பார்த்தபடி.

"ஆளு வெட்டுப்படாமப் பாப்போம் பாய், மொதல்ல" என்றேன். அந்தப் பஞ்சுக்குள் ஒருமுறை சுட்டாலும் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

டிரைவரைப் பின்பக்க ஓட்டையில் நிற்கச் சொன்னேன். என் செல்போன் ஜீப்பில் சார்ஜில் கிடந்தது. ஸ்டேஷன் டார்ச் தட்டினால் எரியும், உலுக்கினால் அணையும். அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒரு தோட்டாவைக் குழலில் ஏற்றிக்கொண்டு முன்கதவு வழியாக நுழைந்தேன்.

உள்ளே கூரை வரை மூட்டைகள், பின்பக்க ஓட்டையின் வெளிச்சத்தையும் மறைத்தபடி. நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. தரையெல்லாம் உதிரிப் பருத்தி, மிதித்தால் சத்தமே இல்லை. கடைசி மூலையில் சரசரவென்று ஏதோ புரளும் சத்தம்.

"யாரு உள்ள? போலீஸ்! கையத் தூக்கிட்டு வெளிய வா!"

பதில் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. திரும்பவும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். பதிலே இல்லை. போலீஸ் குரலைக் கேட்டுப் பயந்து ஓடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், அழுகிறவனைப் பார்த்திருக்கிறேன். காதில் விழாத மாதிரி தன் வேலையைப் பார்க்கிறவனை நான் பார்த்ததில்லை. இவன்தான் வெட்டினவன், துணிந்த கட்டை என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

மூலையில் திரும்பி லைட்டைப் போட்டேன்.

பளீரென்ற வெளிச்சத்தில் குத்தவைத்திருந்த ஒரு முதுகு தெரிந்தது. பக்கத்தில் மூட்டை மேல் சாய்ந்து ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் அரிவாள். அந்த ஆளின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை ரத்தம். என் விரல், எங்கே போகக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி அடித்தார்களோ அந்த ட்ரிக்கருக்குப் போய்விட்டது. அதை நான் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது.

எதிர்ச் சுவரில் தன் நிழல் விழுந்ததைப் பார்த்துத்தான் அவர் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். கண் கூசி முகத்தைச் சுருக்கினார். கையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்து, ரத்தக் கையால், 'வா, வா, சீக்கிரம்' என்று அழைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காத்திருந்த ஆள் வந்து சேர்ந்துவிட்ட மாதிரி.

அப்புறம்தான் அவர் முழங்காலுக்கு அருகில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. வெள்ளாடு. படுத்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. பின்பக்கத்தில் ஒரு குட்டியின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பு ஆட்டுக்கு மரத்திலிருந்து குழை அறுக்கிற தொரட்டி.

அவர் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். "ஆ... ப்பா" என்று ஒரு ஓசைதான் வந்தது. என் கத்தலெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்குக் காது கேட்காது, பேசவும் வராது.

பிஸ்டலைச் சட்டென்று தரைக்குத் தாழ்த்தினேன். வெளிச்சமும் கூடவே தரைக்குப் போய்விட்டது. அவர் பதறினார். 'இங்கே, இங்கே காட்டு' என்று ஆட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெளிச்சத்துக்கு எதிரில் இருக்கிறவருக்கு அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நல்ல டார்ச்சோடு யாரோ ஒரு புண்ணியவான் வந்திருக்கிறார் என்றுதான் அவர் நினைத்தார். அவருக்கு வெளிச்சம் காட்ட வேண்டுமானால் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அவர் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். டிரைவர் சொன்னது இதுதான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது.

மேகசினை உருவிப் பாக்கெட்டில் போட்டேன். மேல்பகுதியைப் பின்னால் இழுத்ததும் குழலில் இருந்த தோட்டா துள்ளிப் பருத்திக்குள் எங்கோ விழுந்தது. தேட நேரமில்லை. ரயிலிலிருந்து லைட்டைக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன் என்று பீற்றிக்கொண்டவள்தான். அன்றைக்குக் கொக்கி அமுங்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாக வந்தது. துப்பாக்கியை உறையில் போட்டு மூடிவிட்டு, லைட்டோடு அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

தலையீற்று போலிருக்கிறது. குட்டியின் ஒரு கால் மடங்கி உள்ளே மாட்டியிருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் எங்கே விழ வேண்டுமோ அங்கே வைத்தார். பிறகு அவசரமே இல்லாமல் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தி, ஆடு முக்குகிற நேரம் பார்த்து இழுத்தார். ஆடு கத்தும்போதெல்லாம் அதன் கழுத்தைத் தடவினார். அந்தக் கத்தல் அவருக்குக் கேட்காது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சரியாகத் தடவினார். உடம்பு அதிர்வதிலேயே கண்டுபிடித்துவிடுவார் போல.

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சில்லை. அவர் மூக்கை வழித்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டி, கைக்குக் கிடைத்த பருத்தியை அள்ளிப் பரபரவென்று தேய்த்தார். நான் வேண்டாத சாமி இல்லை. "ம்ஹே" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குட்டி கத்தியதா என்று என்னிடம் கேட்கிறார்! நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது அவர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

குட்டி கத்தியதைக் கேட்டு டிரைவரும் வியாபாரியும் உள்ளே வந்தார்கள்.

"ஏ அல்லா, மொதல் தரப் பருத்தியிலயா தொடைச்சீக!" என்று தலையில் கைவைத்தார் வியாபாரி. பிறகு குட்டி எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறி விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, பெத்த உசுரு பாவம். பருத்திக்கொட்டை கொஞ்சம் அள்ளிப் போடுங்க, திங்கட்டும்" என்றார்.

அவர்களுக்குப் பின்னாலேயே ஆட்டுக்காரரின் மனைவியும் ஓடிவந்தார். மத்தியானக் கஞ்சிக்கு ஆளைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்தவர், வாசலில் போலீஸ் ஜீப்பைப் பார்த்திருக்கிறார்.

"அவுகளுக்குப் பொறவிலருந்தே காது கேக்காதும்மா. தகரம் காத்துக்குப் பேந்து ரெண்டு நாளாக் கெடக்கு. பருத்திக்கொட்டை வாசத்துக்கு ஆடு உள்ள நொழைஞ்சிருக்கும், அது பின்னாடியே இவுகளும் போயிருப்பாக. களவுக்குப் போற ஆளு இல்லம்மா" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

நான் தரையைத் துழாவிக்கொண்டிருந்தேன். தோட்டாவைத் தொலைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போக முடியாது. நான் எதையோ தேடுகிறேன் என்று கண்ட ஆட்டுக்காரரும் குனிந்து பருத்தியை விலக்கித் தேட ஆரம்பித்தார். என்ன பொருள் என்று தெரியாமலே தேடினார். அவர் கையில்தான் அது கிடைத்தது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என் கையில் இருந்த லைட்டைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த உறையைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

அவர் மனைவிக்கும் புரிந்துவிட்டது. "ஏம்மா, இவுகளச் சுடவா வந்தீக?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார்.

ஆட்டுக்காரர் மனைவியின் தோளைத் தட்டித் திருப்பினார். வேகமாகக் கைஜாடை செய்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். மூடிய கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, விரல்களை மலர்த்தி விரித்துக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். குட்டியைக் காட்டினார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெளிச்சம் கொண்டாந்த புள்ளைங்கிறாக. வேற ஒண்ணும் சொல்லக் கூடாதாம்."

ஆட்டுக்காரர் தோட்டாவை வேட்டியில் துடைத்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சீருடையில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. டிரைவர் பருத்திக்கொட்டை அள்ளுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் டிரைவர்தான் ஆரம்பித்தார்.

"அப்ப ரயிலு வேணாம்தான மேடம்?"

"அந்த லைட்டு மட்டும் இல்லன்னா இருட்டுல சத்தத்த மட்டும்தான கேட்டிருப்பேன்? அவுக முகத்தப் பாத்திருக்க மாட்டேன்ல" என்றேன். "ஆனா நீங்க சொன்னதும் சரிதான். அதுலயே ஒட்டிக்கிட்டு இருக்கப்படாது. கழட்டுறதுக்கும் பழகணும்." அவர் மறுத்துப் பேசவில்லை. அவர் மறுத்துப் பேசாதது அன்றைக்கு மட்டும்தான்.

வெட்டிவிட்டு ஓடியவர்கள் பிறகு வேறு ஊரில் பிடிபட்டார்கள். எனக்கும் இடமாற்றம் வந்துவிட்டது. இப்போதும் அந்தச் சாலையில் போகும்போது ஆட்டுக்காரரைச் சில சமயம் பார்ப்பேன், கருவேலங்காட்டு ஓரத்தில் ஆடுகளோடு. அந்த ஊரில் அவரோடு ஜாடையில் பேசுகிறவர்கள் போலீஸ் என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவார்கள். என் வண்டியைக் கண்டால் மட்டும் அவர் மூடிய கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்து விரல்களை விரிப்பார். வெளிச்சம். அதுதான் அவரிடத்தில் என் பெயர்.

பிஸ்டலின் ரயிலை இப்போது காலியாகத்தான் வைத்திருக்கிறேன். லைட் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது, தேவைப்பட்டால் மாட்டிக்கொள்வேன். ஒவ்வொரு நாளும் பணிக்குக் கிளம்பும்போது பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், அவர் வைத்த அந்தப் பெயரை ஒரு நாளும் இழந்துவிடாமல் வேலையை முடித்து வீடு திரும்ப வேண்டும் என்று.