ஐறீனின் கை அளவு

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயில் பாண்ட் குழுவில் ஐறீனைப் போல் விழித்துக்கொண்டே கனவு காண்கிறவள் வேறு யாருமில்லை. கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை. பஸ்ஸில் சீட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். விரல்கள் மட்டும் ஹாண்ட்பேக்கின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். என் பெயர் பற்றிக்; அதே குழுவில் பெரிய மேளம் அடிக்கிறவன். பக்கத்து சீட்டில் இருந்து அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அவள் ஊதியது ஆல்ட்டோ என்ற சின்ன சாக்ஸபோன். ஆசைப்பட்டதோ அடிக்குரலில் முழங்கும் பெரிய பரிட்டோன் சாக்ஸபோன். விடியற்காலையில் துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது அவளுடைய கட்டில் லேசாக அதிருமாம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாள் முழுக்க இருக்க வேண்டுமாம். நாற்பத்துமூன்று வயதிலும் அவள் கை பத்து வயதுப் பிள்ளையின் கை. காப்பு வாங்கக்கூடச் சிறுவர் பகுதிக்குத்தான் போவாள்.

பாண்ட் மாஸ்டர் மெல்ரோய், குழுவின் பரிட்டோனைக் கொடுத்துப் பார்த்தார். சுண்டுவிரல், அழுத்த வேண்டிய கீழ்ச் சாவிகளை எட்டவில்லை. விரலை இழுத்து இழுத்து ஊதியதில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பம்பலப்பிட்டிக் கடையில் தொட்டுப் பார்த்த புதியதும் அப்படியே.

"ஐறீன், திருநாளுக்கு ஆறு கிழமைதான் இருக்கு. சரிவராட்டி ஆல்ட்டோவுக்கே போங்க, கோவிக்காதீங்க" என்றார் மெல்ரோய்.

அன்று அவள் அழுதாள். எனக்கு மெல்ரோய் மேல் கோபம் வந்தது. ஒரு சோற்றுக் கோப்பையே நிற்கும் உள்ளங்கை அவருக்கு, அவருக்கென்ன தெரியும்?

பிறகு ஐறீன் ஒரு பைத்தியக்கார வேலை செய்தாள். தாளில் கையை விரித்து வைத்து, செருப்புக்குக் கால் அளவு எடுப்பதுபோல் சுற்றிக் கோடு இழுத்தாள். 'இந்தக் கைக்கு ஒரு பரிட்டோன் இருக்கிறதா?' என்று வாத்தியம் விற்பவர், திருத்துபவர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினாள். வந்ததெல்லாம் சிரிக்கும் முகங்கள். மட்டக்குளியில் வாத்தியம் திருத்தும் இப்திகார் மட்டும், "மிஸ், அந்தத் தாளயே கொண்டு வாங்க" என்றார்.

துணைக்கு நானும் போனேன். அவரிடம் பழைய பரிட்டோன் ஒன்று கிடந்தது. புதியவற்றைவிட அடியில் ஒரு சுரம் குறைவு; அதனால் குழாயும் கட்டை, பாரமும் குறைவு. ஐறீன் அவசரமாக வாயில் வைக்கப் போனாள்.

"ஊதவாணாம். மொதல்ல விரல வைங்க."

வைத்தாள். எட்டாத இடங்களையெல்லாம் அவர் தாளில் புள்ளியிட்டார். "கைய இழுக்கிற வேல வாணாம் மிஸ். சாவி வரட்டும் கைக்கிட்ட."

அதன்பிறகு நான்கு கிழமை, ஒரு மாதம் போல, வேலை நடந்தது. சாவிகளின் தண்டுகளை உள்ளே வளைத்தார்; மேலே ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய நீலத் துண்டுகளை ஒட்டி உயர்த்தினார். பஸ்ஸில் ஐறீனின் விரல்கள் முன்பைவிட மெதுவாக, ஆழமாக ஊர்ந்தன.

திருநாளன்று, மாதாவின் சுருவம் பவனிக்காகக் கோயிலுக்கு வெளியே வருமுன், மெல்ரோய் அந்த வாத்தியத்தை வாங்கி ஊதிப் பார்த்தார். விரல்கள் ஒன்றோடொன்று சிக்கின. கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"இதென்ன இது! எனக்கு ஒரு விரலும் வைக்க ஏலாது."

ஐறீன் அதைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஓம் அண்ணன்," என்றாள், "உங்களுக்குச் சரிவராது."

இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணை மூடி அடிச் சுரத்தை ஊதினாள். என் மேளத்தின் தோல் தானாக அதிர்ந்தது. நான் அடிக்க மறந்து நின்றேன்.