செசிலியா பிய்த்த சிவப்புப் பொட்டு

மாசாய் ஊரில் செசிலியா வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே எந்தச் சாமானையும் உற்றுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குறை தெரியும். ரேடியோவின் முதுகில் ஒரு கீறல் இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு கறை. மேசை விளக்கோ தூங்கி வழிகிறவன் மாதிரி ஒரு பக்கம் தலை சாய்ந்தே நிற்கும். எல்லாம் பாசிர் கூடாங் கம்பெனியில் தள்ளுபடியான உருப்படிகள். ஆண்டு முடிவில் வேலையாட்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவற்றைத் தள்ளுபடி செய்தவளே செசிலியாதான். தன் கையால் தள்ளியதைத் தன் தோளிலேயே சுமந்து வருவாள். "நல்லது கப்பல் ஏறும், சொத்தை வீட்டுக்கு வரும்" என்பாள்.

முப்பத்தொரு வருடம் அவள் அந்தக் கம்பெனியில் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவள். பெல்ட்டில் சாமான் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். ஒன்றைப் பார்க்க ஏழு விநாடி. குறை இருந்தால் அதன் மேல் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். செசிலியா கையால் சிவப்பு விழுந்தால் விழுந்ததுதான். மாதக் கடைசியில் லைன் லீடர் வந்து கெஞ்சுவாள், கண்ணைக் கசக்குவாள். ஒருமுறை உண்மையாகவே அழுதாள். ஊஹூம். செசிலியா முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. கை ஓய்ந்ததே தவிர, கண் ஓயவில்லை. கோயிலில் பூசை நடக்கும்போது பீடத்து விரிப்பின் ஓரம் கோணலாக இருப்பதுதான் அவளுக்கு முதலில் தெரியும். எதிர்வீட்டுக் கேட்டில் ஒரு கம்பி வளைந்திருப்பது எதிர்வீட்டுக்காரருக்கே தெரியாது. இவள்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தால் விளம்பரம் முடிவதற்குள் எழுந்துவிடுவாள். "ஒனக்கு நாக்காலி வாங்கினது வேஸ்ட் லா" என்பார் கேப்ரியல், அவள் கணவர்.

இந்த வருடம் ஜனவரியிலிருந்து அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச இருப்பும் போயிற்று. ஒரே மகள் அபிகெயில் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, படம் வரையப்போகிறேன் என்று வந்து நின்றாள். நல்ல வேலை. விடியற்காலை நாலு மணிக்குப் பாலம் தாண்டிப் போகிற வேலைதான். ஆனாலும் நல்ல வேலை. வீட்டில் பேச்சுவார்த்தை ஏறக்குறைய நின்றே போயிற்று. கடைசியில் அபிகெயில் ஓர் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தாள்.

"ஜேபி டவுன்ல புது பேரங்காடி ஒண்ணு தொறந்திருக்காங்க. கடை, சாப்பாடு, படம், சிலை எல்லாம் ஒரே எடத்துல. அங்க கண்காட்சிக்கு என் படம் ஒண்ணு எடுத்திருக்காங்க, மா. அது எடுபடலன்னா நான் வேலைக்கே திரும்பிடறேன். மேனேஜர்கிட்ட பேசிட்டேன்."

"எப்ப தெரியும்?"

"ஒரு வாரம். ஞாயித்துக்கிழமை கடைசி நாள்."

ஆறு நாள் செசிலியா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் மாதா சொரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதற்காக ஏற்றினாள் என்பது மாதாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். பிறகு கேப்ரியலிடம், "காடிய எடுங்க, போய்ப் பாத்துட்டு வந்திருவோம்" என்றாள்.

அந்த இடத்தில் நுழைந்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. கூரையிலிருந்து தகரத்தில் செய்த மீன்கள் நூற்றுக்கணக்கில் தொங்கின. பாதிக்கு மேல் கண் இல்லை. சப்பாத்துக் கடைக்கும் வாசனைத் திரவியக் கடைக்கும் நடுவே கம்பியால் பின்னிய மாடு ஒன்று நின்றது. அதற்கு நாலு காலும் நாலு உயரம். உணவுக்கடையில் கேப்ரியல் காப்பி வாங்கினார். கோப்பைக்குப் பிடியே கிடையாது. சூட்டில் இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு மனிதர் தவித்தார்.

"அலமாக், இத யாரு பாஸ் பண்ணி அனுப்பினது?" என்றாள் செசிலியா.

"கையால செஞ்சதாம். கலையாம்."

"கை சுட்டா தெரியும் கல."

கால் கடுத்தது. அலைபோல வளைந்த மரப் பெஞ்சு ஒன்று கண்ணில் பட்டது. உட்காரப் போனவள், அதன் பக்கத்தில் செய்தவர் பெயரோடு ஓர் அட்டை இருப்பதைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்தாள். எது உட்காருவதற்கு, எது பார்ப்பதற்கு, எது விற்பதற்கு என்று ஒன்றும் விளங்காத இடத்தில் ஒரு மனுஷி எப்படி நிலைகொள்வாள்? கேப்ரியலைக் கோப்பையோடு விட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு ஏறினாள்.

படங்கள் அங்கேதான் இருந்தன. கைப்பைக் கடைக்கும் நூடுல்ஸ் விற்கிற மீக்கடைக்கும் இடையே ஒரு நீண்ட வெள்ளைச் சுவர். சுவர் நெடுகப் படங்கள். எதிரே இன்னொரு வளைந்த பெஞ்சு. அபிகெயில் சற்றுத் தள்ளி யாரோ பார்வையாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள், அம்மாவைப் பார்க்கவில்லை. செசிலியாவும் கூப்பிடவில்லை. வழக்கப்படி இடக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெல்ட் நகரவில்லை, இவள் நகர்ந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். பதினான்காவது படத்தில் நின்றுவிட்டாள்.

ஒரு கம்பெனி பஸ். சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து ஒருத்தி தூங்குகிறாள். நீலச் சட்டை. மடியில் பை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. காலை ஷிப்ட் முடிந்து வருகிற மூன்று மணி பஸ் அது, தூங்குகிறவள் செசிலியா.

முதலில் கோபம்தான் வந்தது. உலகத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லையா? அதுவும் வாயைப் பிளந்துகொண்டா? அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. படத்துக்குக் கீழே, பெயர் அட்டையின் மூலையில், வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

திரும்பி நடந்து, எல்லாப் படங்களின் கீழேயும் பார்த்தாள். இருபத்திரண்டு படங்கள். மூன்றுக்குத்தான் சிவப்பு. மற்ற பத்தொன்பதும் சுத்தம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எந்தக் கம்பெனியானாலும் பெரும்பாலானவை தேறிவிடும். இரண்டு மூன்றுதான் விழும். விழுந்ததில் ஒன்று அபிகெயிலுடையது.

மாதாவே, இத்தனை சீக்கிரமா கேட்டுவிட்டாய்?

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? செசிலியாவுக்கு ஆத்திரமாக வந்தது. யார் இந்தச் சிவப்பை ஒட்டினார்கள்? எத்தனை வருடம் சர்வீஸ் அவர்களுக்கு? எங்கே குறை என்று அவளே தேடினாள். தேடினால் கிடைக்காமல் போகுமா? வாய் திறந்திருக்கிறது, அது ஒன்று. சட்டைக்கு ஐந்து பொத்தான்தான். பெண் ஆறு போட்டுவைத்திருக்கிறாள், அது இரண்டு. கம்பெனியாயிருந்தால் ஒரு குறையே போதும். தள்ளுபடியானால் இந்தப் படமும் நாளைக்கு மாசாய் வீட்டுக்கு வந்துவிடும். சாய்ந்த விளக்குக்கும் கறை படிந்த கடிகாரத்துக்கும் நடுவே தொங்கும். பெற்றவள் தினமும் அதைத் துடைக்க வேண்டும்.

இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். காவலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் நுழைந்தது. பசை துளிகூட அட்டையில் நிற்காமல் உருட்டி எடுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுத்ததைப் போட இடம் தெரியாமல் கைப்பையிலிருந்த ஜெபமாலைப் பையின் உள்பக்கம் ஒட்டி, ஜிப்பை இழுத்துவிட்டாள். அறுபதை நெருங்கிய வயதில் இது என்ன திருட்டு வேலை என்று தோன்றாமல் இல்லை.

"மா, எப்ப வந்தீங்க?"

அபிகெயில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "பாத்துட்டீங்களா? கோவமா? கோவிச்சுக்காதீங்க, மா. ஒங்களுக்கு இன்னொரு விசயம் காட்டணும். அதுக்குத்தான் போன் பண்ணலாம்னு..." சொல்லிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பியவள் நின்றுவிட்டாள். குனிந்து அட்டையைப் பார்த்தாள். கீழே தரையைப் பார்த்தாள்.

"இங்க ஒரு செவப்புப் பொட்டு இருந்துச்சே?"

"என்ன பொட்டு?" என்றாள் செசிலியா.

"ஷர்மினிதான் காலையில ஒட்டினா. கண்காட்சி பாத்துக்கற பொண்ணு. குளுவாங்ல ஒரு டாக்டரம்மா இந்தப் படத்த எடுத்துக்கறேன்னாங்களாம். வித்துப்போச்சுன்னா செவப்பு ஒட்டுவாங்க." அவள் குரல் இறங்கியது. "வேணாம்னு சொன்னா பிச்சிடுவாங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஆனால் தாழியை உடைத்தவள் பக்கத்திலேயே கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்பு என்றால் விற்றுப்போனது. அப்படியானால் அந்தப் பத்தொன்பதும்தான் தேறாதவை. செசிலியாவின் முப்பத்தொரு வருடமும் ஒரு நொடியில் தலைகீழாக நின்றது.

அபிகெயில் அந்த வளைந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"அதுல ஒக்காரலாமா?"

"ஒக்காரத்தான் செஞ்சிருக்காங்க, மா." அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. கைப்பேசியை எடுத்தாள். "இன்னிக்குத்தானே கடைசி நாள். எடுபடல. நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே மேனேஜருக்கு மெசேஜ் போட்டுடறேன். நீங்க சொன்னபடியே."

விரல்கள் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தன. செசிலியா பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மெழுகுவர்த்தி வேலை செய்துவிடும். மூன்று மணிக்கு எழுந்து பெண்ணுக்குப் பசியாற ஏதாவது செய்து கொடுக்கலாம். சம்பளம், சேமநிதி, கல்யாணம் எல்லாம் வரிசையாக பெல்ட்டில் வரும். ஒரு முடிவுக்கு ஏழு விநாடி என்று பழகிய உடம்பு அது. விநாடிகள் தாமாகவே உள்ளுக்குள் ஓடின. பெண்ணின் கட்டைவிரல் திரையின் கீழ்ப்பக்கம் இறங்குவது தெரிந்தது.

"அனுப்பாத."

ஜெபமாலைப் பையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினாள். சிலுவைக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அபிகெயில் பையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நீங்களா பிச்சீங்க?"

"செவப்புன்னா ரிஜெக்ட்டுன்னு நெனச்சுட்டேன்."

பெண்ணுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. மீக்கடைப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவள் அம்மாவின் முகத்தை வேறு மாதிரியாகப் பார்த்தாள்.

"ரிஜெக்ட் ஆகணும்னுதானே நீங்க ஆசப்பட்டீங்க?"

"ஆமா. காலப் பூசையில மெழுகுவத்திகூட ஏத்தினேன்."

"அப்பறம் ஏன் மா பிச்சீங்க?"

செசிலியா கைப்பையின் வாரைச் சரி செய்தாள். சரியாக இருந்த வாரை மறுபடியும் சரி செய்தாள்.

"முப்பத்தோரு வருசத்துல ஒரு ரிஜெக்ட்டகூட நான் பாஸ் பண்ணி அனுப்பினதில்ல. லைன் லீடர் அழுதிருக்கா. அனுப்பல." படத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள். "இன்னிக்குத்தான்."

அபிகெயில் எழுதி வைத்திருந்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கண்ணில் நீர் கோத்திருந்ததால் அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செசிலியா ஸ்டிக்கரைப் பையிலிருந்து எடுத்து, அட்டையில் பழைய இடத்திலேயே கோணாமல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த விரல் ஆயிரக்கணக்கில் சிவப்பு ஒட்டியிருக்கிறது. ஒட்டிவிட்டுச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"சட்டைக்கு அஞ்சு பட்டன்தான்" என்றாள் திரும்பாமலே. "ஆறு போட்டிருக்க."

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, மா."

"நான் ஏன் சொல்றேன்?"

மகளுக்குப் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கேப்ரியல் அந்தப் பிடியில்லாத கோப்பையோடு தேடிக்கொண்டு வந்து, "போலாமா?" என்று கேட்டார். செசிலியா எழுந்திருக்கவில்லை.