ரூபி உபவாசம் முடித்த நாள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இது உபவாச வெள்ளி, எல்லோருக்கும் பசி என்று எனக்குத் தெரியும். ஷீபா டீச்சர் எழுந்தால் லேசில் உட்கார மாட்டாள் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் உட்கார்ந்தால், உபவாசம் முடித்துக் குடிக்கிற கஞ்சி எனக்கு இறங்காது.

சென்ற மழைக்காலத்தில் என் மகள் ரூபியின் கன்னம் ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட முடியவில்லை. சோற்றைக் கண்டாலே அழுவாள். என் கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலிலேயே நடப்பார். எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் தூக்கம் என்பதே போய்விட்டது.

தாம்பரத்தில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். நாற்காலியில் உட்கார வைத்ததுதான் தாமதம், ரூபி வீல் என்று கத்தி அவர் விரலைக் கடித்துவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நிறைய பல்லு சொத்தையாயிருக்கு மேடம். உள்ள சீழ் வேற. முழிச்சிருக்கும்போது இவ தாங்க மாட்டா. ஆஸ்பத்திரில வச்சு, முழு மயக்கம் குடுத்து ஒரே தடவையில முடிச்சிடலாம்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பல்லுக்குப் போய் முழு மயக்கமா? பள்ளியில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மயக்கம் தெளிந்த பிறகு ஏதோ ஒரு பிள்ளைக்குப் பேச்சே மாறிப்போச்சாம் என்று ஒருத்தி சொன்னாள். அது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ரூபி வாயாடி. பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடக் கதை பேசுவாள். அந்த வாய் எனக்குத் திரும்பக் கிடைக்குமா? ஆண்டவரே, பல் போனால் போகட்டும், என் பிள்ளையை அப்படியே திருப்பிக் கொடும் என்று சமையல்கட்டில் நின்று அழுதேன்.

சிகிச்சை அன்று காலையில் வெறும் வயிறாக இருக்க வேண்டும், பச்சைத் தண்ணீர்கூட நாங்கள் சொல்லும் நேரத்துக்கு மேல் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எழுந்ததும் பால் கேட்கிற பிள்ளை. என்ன சொல்லிச் சமாளிப்பது? மாதக் கடைசி வெள்ளியில் நாம் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அவளுக்கும் உபவாசம் இருக்க ஆசை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கு நானே, "இன்னிக்கு நீயும் அம்மாவும் உபவாசம். முடிவு ஜெபம் பண்ணி ஆமென் சொன்னதுக்கப்புறம்தான் வாயில எதுவும் படணும், சரியா?" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற செக்யூரிட்டியிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வரை எல்லோரிடமும், "நான் உபவாசம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

ஆபரேஷன் அறையின் கதவு மூடியது. என் கணவர் அதிகம் பேசாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஓடினேன். என் பிள்ளை கட்டிலில் புரண்டு புரண்டு கத்திக்கொண்டிருந்தாள். தூக்கப் போனேன். என்னை அடித்துத் தள்ளினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மா எங்க? எங்கம்மா வேணும்" என்று அலறினாள். பெற்றவளுக்கு அதைவிட என்ன கொடுமை வேண்டும், சொல்லுங்கள். பக்கத்தில் இருந்த நர்ஸ், "பயப்படாதீங்கக்கா. மருந்து தெளியறப்போ சில பிள்ளைங்க இப்படித்தான் ஆள் தெரியாம கத்தும். தூங்கி எழுந்தா அவளுக்கு ஞாபகமே இருக்காது" என்றாள்.

அப்படியே தூங்கினாள். எழுந்தபோது கத்தல் இல்லை. ஆனால் பேச்சும் இல்லை. உதடு தடித்திருந்தது. மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்தாள். நர்ஸ் குட்டி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ரூபி உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். ஜூஸ் கொடுத்தோம். தலையைத் திருப்பிக்கொண்டாள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று அவள் அப்பா கெஞ்சியும் பார்த்தார். டாக்டரம்மா வந்து, "கொஞ்சமாவது குடிச்சு, அது வயித்துல தங்கினாத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். இல்லேன்னா இன்னிக்கு இங்கேயே டிரிப்ஸ்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கேட்ட கதை என் வீட்டிலேயே நடந்துவிட்டது என்று நினைத்தேன். கட்டிலில் தலையைச் சாய்த்தேன். உங்களையெல்லாம் முழங்காலில் நிறுத்தி வைத்து நீட்டி முழக்கி ஜெபிப்பேனே, அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளை" என்றேன். அவ்வளவுதான்.

கன்னத்தில் ஒரு விரல் தட்டியது. நிமிர்ந்தேன்.

"அம்மா, இன்னும் முடிவு ஜெபம் பண்ணலியே" என்றாள் ரூபி. சொல் குழறியது, ஆனால் முழுசாக வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் காலையில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, தொண்டை காய்ந்தும் உதட்டைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். என் பிள்ளை எங்கேயும் போகவில்லை. அதே ரூபிதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவளோ, "நீளமா பண்ணாதம்மா. தாகமா இருக்கு" என்றாள். மூலையில் நின்ற அவள் அப்பா, அதுவரை வாய்விட்டு ஜெபிக்காத மனுஷர், "நன்றி ஆண்டவரே" என்று சத்தமாகச் சொன்னார். "ஆமென்" என்றாள் ரூபி. டம்ளரை வாங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். வாந்தி இல்லை. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அந்த டாக்டர்கள் கைக்காகவும் அந்த நர்சுக்காகவும் இன்றும் ஆண்டவரைத் துதிக்கிறேன். இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தை என் கணவர் நடத்துகிறார். நான் ஆமென் சொல்கிறேன். பயம் வந்தால் முன்போல் ஒன்றைப் பத்தாக்கி யோசிப்பதில்லை, ஒரு வரி சொல்லி ஆண்டவரிடம் விட்டுவிடுகிறேன். பிள்ளைக்கு மயக்க மருந்து என்று கேட்டு நடுங்குகிற தாய் தகப்பன் இங்கே இருந்தால், டாக்டர் சொல்வதை அப்படியே கேளுங்கள். பிள்ளையை ஆண்டவர் கையில் கொடுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. அவருக்கு அரை வரி போதும்.

முன்வரிசையில், அன்றைக்கு டாக்டரம்மா உறை மாட்டிவிட்ட வெள்ளிப் பல் தெரியக் கொட்டாவி விடுகிறாளே, அவள்தான் ரூபி. காலையில் இட்லி சாப்பிட்டவள்தான், ஆனாலும் கஞ்சிக்காக என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். எழுந்து நில்லுங்கள், முடிவு ஜெபம் செய்வோம். நான் நீட்டினால் அவளே ஆமென் சொல்லிவிடுவாள்.